போனுக்கே வராத அழைப்பை ஆப் எப்படிப் பிடிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல ஆப் ஒன்றை இறக்கி, அது கேட்கும் அனுமதியை எல்லாம் கொடுத்துவிட்டால் போதும், வருகிற போன், போகிற போன், ரெக்கார்டிங் அத்தனையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று போன வாரம் உங்கள் இணைப்பிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அம்பாசமுத்திரத்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன் நான். மறுநாளே நாலு பேர் அந்தப் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதை உங்களுக்கு எழுத்தில் சொல்கிறேன்.

முதலில் வந்தவர் வெள்ளாங்குளிப் பக்கம் வாழை போட்டிருப்பவர். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "அண்ணாச்சி, எங்க தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரு சிம்முதான் கெடக்கு. வீட்டுல இருந்து நான் ஒரு கால் போட்டா மோட்டார் ஓடுது. வேற ஆளு கூப்பிட்டா அசைய மாட்டேங்கு. கரண்டு வந்தா அதுவா நம்மளக் கூப்பிடுது. அந்த டப்பாவுக்கு இருக்க அறிவு இருவதாயிரம் ரூவா போனுக்கு இல்லியா?"

அறிவு போனுக்கும் உண்டு. டப்பாவில் இருப்பது ஒரே ஒரு புரோகிராம். சிம்மோடு பேசும் மோடத்தை அதுவே நேரடியாக ஆட்டிவைக்கிறது. கூப்பிடுவது யார், எடுப்பதா, வெட்டுவதா எல்லாம் அதன் கையில். போனிலோ மோடத்தைத் தொடும் உரிமை ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் என்ற இயங்குதளத்துக்குத்தான். நாம் இறக்கும் ஆப் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள்ளிருந்து சொல்லியனுப்புவதைக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டில் அப்படித் திண்ணைக்கு வரும் சேதி மூன்று: போன் சும்மா இருக்கிறது, மணி அடிக்கிறது, லைன் எடுத்தாயிற்று. கூப்பிடுவது எந்த எண் என்றும் தெரிய வேண்டுமானால், 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், கால் பட்டியலைப் படிக்கும் அனுமதி தனியாக வேண்டும். அந்த அனுமதியைக் கண்ட ஆப்பும் கேட்கக்கூடாது என்று அதே வருஷம் அக்டோபரில் கூகுள் தன் ப்ளே ஸ்டோருக்கு விதி போட்டது. ஐபோன் இன்னும் கறார். தொல்லை எண்களைத் தடுக்கும் ஆப், எண்களின் பட்டியலை முன்கூட்டியே போனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பது போன். இப்போது கூப்பிட்டது யார் என்று ஆப்பிடம் மூச்சு விடாது. நம் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், தொல்லை அழைப்புகளைப் புகார் செய்ய வைத்த தன் டிஎன்டி ஆப்பை ஐபோனில் ஏற்றவே ஆப்பிளோடு நெடுநாள் மல்லுக்கட்டியது. 2018 கடைசியில்தான் வழி பிறந்தது, அதுவும் ஆப்பிள் திறந்துவிட்ட சின்ன வாசல் வழியாக.

இதில் அந்த மூன்றாவது சேதி இருக்கிறதே, 'லைன் எடுத்தாயிற்று' என்பது, பல பேருடைய பிழைப்பில் மண்ணைப் போடுகிறது. நாம் டயல் செய்த உடனேயே அந்தச் சேதி வந்துவிடும். அந்தப் பக்கம் எடுத்தாரா, மணி மட்டும் அடித்து ஓய்ந்ததா என்று சாதாரண ஆப்புக்குத் தெரியாது. கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் ஒருவர், கடைகளுக்குப் போன் போட்டு ஆர்டர் பிடிக்க மூன்று பையன்களை வைத்திருக்கிறார். யார் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஆப் ஒன்றை மூன்று போனிலும் போட்டுவிட்டார். ஒரு பையன் கணக்கில் நாற்பது நாற்பது விநாடியாகப் பேச்சு ஏறிக்கொண்டே போகிறது, ஆர்டரைக் காணோம். "நாப்பது விநாடி என்னலே பேசுன? ஒரு கட்டு அப்பளம் விக்கத் துப்பில்ல!" என்று எல்லார் முன்னாலும் ஏசிவிட்டார். கண் கலங்கக் கடைக்கு வந்த பையனிடம் போனை வாங்கி, போனிலேயே இருக்கும் கால் பட்டியலைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் எதிர்ப்பக்கம் எடுக்கவே இல்லை, பேசிய நேரம் பூஜ்யம். மணி அடித்த நேரத்தை எல்லாம் ஆப் பேச்சாக எழுதி வைத்திருக்கிறது. முதலாளியை வரவழைத்துக் காட்டினேன். மனுஷர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று போனிலும் ஆப்பைத் தூக்கச் சொல்லிவிட்டு, பழையபடி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

ரெக்கார்டிங் கதைக்கு வருகிறேன். வாழைக்காரருக்கு உண்மையில் வேண்டியது அதுதான். தாருக்கு ஒரு விலையைப் போனில் சொல்லிவிட்டு, வெட்டுகிற அன்றைக்கு வேறு விலை பேசுகிறாராம் வியாபாரி. ஆண்ட்ராய்டு 9, 10 வந்தபின் வெளி ஆப்புகளுக்கு எதிராளியின் குரல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. பார்வை இல்லாதவர்களுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் உதவ வைத்த அக்சசிபிலிட்டி அனுமதியைக் குறுக்குவழியாகப் பிடித்துச் சிலர் பதிவு செய்துவந்தார்கள். 2022 மே 11 முதல் ப்ளே ஸ்டோர் அதையும் அடைத்துவிட்டது. போனோடு வரும் டயலர், அதாவது நம்பர் போட்டுக் கூப்பிடும் ஆப், பதிவு செய்யும்தான். ஆனால் பல போன்களில், பதிவாகிறது என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் தொடங்கும். வாழைக்காரர் அதையும் போட்டுப் பார்த்தார். அறிவிப்பைக் கேட்ட வியாபாரி, "என்ன வே, கோர்ட்டுக்கா போறீரு?" என்று வைத்தவர்தான். அப்புறம் விலையைப் போனில் பேசுவதே இல்லை.

இதில் எனக்கு மனக்குறை உண்டு. வாய்ப்பேச்சை நம்பி விளைச்சலை விடுகிற சம்சாரிக்கு இருந்த ஒரே ஆதாரம் அது. ஆனாலும், கேட்கிற அனுமதியை எல்லாம் கொடுங்கள் என்று நீங்கள் அச்சிட்டதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2023-ல் நடந்தது. கரண்ட் பில் பாக்கி என்று வந்த மெசேஜை நம்பி, அதில் இருந்த ஏபிகே கோப்பை, அதாவது ப்ளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப்பை ஏற்றும் கோப்பைத் தட்டி, கேட்ட இடத்தில் எல்லாம் 'அனுமதி' கொடுத்திருந்தார் ஒரு வாடிக்கையாளர். இரண்டு நாளாக யாருமே கூப்பிடவில்லை, ஸ்பீக்கர் போய்விட்டது போலிருக்கிறது, மாற்றிக்கொடுங்கள் என்றுதான் கடைக்கு வந்தார். ஸ்பீக்கரில் பழுது ஒன்றும் இல்லை. கால் பார்வர்டிங்கைத் திறந்தால் அதில் முன்பின் தெரியாத ஒரு எண். அழைப்பைத் திருப்பிவிடுவது போன் அல்ல, சிம் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச். போனிலிருந்து ஒரு குறியீட்டை ஒரே ஒரு தடவை டயல் செய்து சொல்லிவிட்டால், பிறகு வருகிற அழைப்பெல்லாம் அங்கிருந்தே வேறு ஊருக்குப் போய்விடும். ஓடிபியைக் குரலில் சொல்லும் அழைப்பும் சேர்த்துத்தான். போனுக்கே வராத அழைப்பை எந்தக் காவல் ஆப்பாலும் பிடிக்க முடியாது. நல்லவேளை, அவர் கணக்கில் கிடந்தது நூற்றுச் சொச்சம். நெல் போட்ட பணம் அடுத்த வாரம்தான் வரவிருந்தது. *401# போன்ற குறியீட்டு வழியில் அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டதே இந்த மாதிரி மோசடிகளால்தான். இப்போது அதே வகைக் கோப்புகள் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. யார் வீட்டுக் கல்யாணமோ என்று தட்டாமல் இருக்க நம் ஊர்க்காரர்களுக்கு மனசு வருமா?

இன்னொருவர் சேரன்மகாதேவியில் தனியாக இருக்கும் அம்மாவுக்காகக் கேட்டார். போன் அடித்தால் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும், அம்மா கையில் இருப்பது ஐபோன். அதற்கு ஆப்பே வேண்டாம். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் டச், அதற்குள் கால் ஆடியோ ரூட்டிங் என்று போனால் அந்த வசதி இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. இப்படிப் போனிலேயே இருப்பதை எழுதியிருந்தால் உங்கள் கட்டுரையால் நாலு வீட்டுக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

உங்கள் கட்டுரையில் அனுமதி பற்றி வரும் கடைசிப் பத்தியை மட்டுமாவது அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். நாலாவதாக வந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவே இல்லை. கட்டுரையைப் படித்த கையோடு ஏதோ ஒரு ஆப்பை இறக்கி, எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிட்டு, போன் ஏன் இப்படிச் சுடுகிறது என்று காட்ட வந்திருந்தார். ஒவ்வொரு அனுமதியாக அணைத்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. காசு வாங்கவில்லை.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரன்,
அம்பாசமுத்திரம்.