நம்ம சேலத்துல ஒரு ஹரிகேன் விமானத்தோட பின்னுடம்பு நிக்குதுங்க, கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போர் விமானக் கண்காட்சி ஞாயித்துக்கிழமையோட நல்லபடியா முடிஞ்சுது. ஹரிகேன்ங்கறது ரெண்டாம் உலகப் போர்ல இங்கிலாந்து ஓட்டின சண்டை விமானம், அதோட ஒரு துண்டைத்தான் நாங்க செஞ்சு வச்சோம். தனித்தனியா போன் போட்டுச் சொல்ல ஆரம்பிச்சா யாராவது விட்டுப் போயிருவாங்க, அதனால இங்கயே சொல்லிடறேன்.

முதல் நன்றி பீட்டர் வேச்சர்னு ஒரு இங்கிலாந்துக்காரருக்கு. 1982ல பழைய ரோல்ஸ் ராய்ஸ் கார் தேடி இந்தியா வந்தவரு, காசில உள்ள பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்துல வெயில்லயும் மழைலயும் கெடந்த ஒரு ஹரிகேனைப் பாத்தாரு. இஞ்சினியரிங் பசங்க படிக்கறதுக்குன்னு குடுத்த விமானம், நம்பர் ஆர் 4118. 1940ல லண்டனைக் காப்பாத்த 49 தடவை சண்டைக்குக் கிளம்பின விமானம் அதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. மனுசன் விடவே இல்ல, வருசக்கணக்கா பேசிப் பேசி 2001ல ஊருக்குக் கொண்டு போயி, 2004 டிசம்பர்ல பறக்க வச்சிட்டாரு. இது காசிலயே கெடந்த கதைங்கறதாலதான் எங்களுக்கு ஹரிகேனை நம்மூர்ல காட்டணும்னு அவ்ளோ ஆசை.

முழு விமானம் நம்மால ஆகாது, எறக்கை மட்டுமே ஒரு நுனிலருந்து மறு நுனி வரைக்கும் 12 மீட்டர். அதனால விமானி உக்கார்ற எடத்துக்குப் பின்னாடி வர்ற ஒரு துண்டை மட்டும் நெஜ அளவுல செஞ்சோம். அந்த எடத்துல உள்ள இரும்பு பைப்பு, அதுக்கு மேல மரச்சட்டம், அதுக்கு மேல துணி, அவ்ளோதான் விமானமே. துணிங்கறதால குண்டு சில சமயம் ஓட்டை போட்டுட்டு அந்தப் பக்கம் போயிரும், சாயங்காலமே ஒட்டுப் போட்டு மறுநாள் பறப்பாங்க.

இங்க லேத் பட்டறை அண்ணனைப் பத்தி சொல்லியே ஆகணும். வெல்டிங் அடிச்சா சுலபமா முடிஞ்சிருக்கும், யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டாங்க. ஆனா ஹரிகேன்ல பைப்பு முனையைச் சதுரமா அமுக்கி, ரெண்டு பக்கமும் தகடு வச்சு போல்ட்டு போட்டிருப்பாங்க, அடிபட்ட பைப்பை மட்டும் கழட்டி மாத்தறதுக்குத்தான் அந்த ஏற்பாடு. படத்தை ரொம்ப நேரம் பாத்தவரு, "அவங்க எப்படி பண்ணாங்களோ அப்படியேதான் பண்ணணும், இல்லைன்னா எதுக்கு பண்றோம்"னாரு. சதுரமாக்கறதுக்குன்னே தனியா ஒரு டை, அதாவது அமுக்கற அச்சு, செஞ்சாரு. தகட்டு ஓரமெல்லாம் அரம் போட்டு வழவழன்னு ஆக்கினது செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைத் தம்பிங்க. ராத்திரி அவங்க வேலையெல்லாம் முடிச்சிட்டு வந்து உக்காருவாங்க, காசு பேச்சே எடுக்க விடல.

ஒரிஜினல்ல மரச்சட்டம் ஸ்ப்ரூஸ் மரம். நமக்கு ஏற்காட்டுல காபித் தோட்டத்து ஐயா ஒருத்தரு காஞ்ச சில்வர் ஓக் பலகை குடுத்தாரு, லாரி வாடகையும் அவரே. ஐயா, மலைல இருந்து நீங்க கெளம்பி வந்து அந்தச் சட்டத்தைத் தடவிப் பாத்தப்ப எங்க எல்லாருக்கும் மனசு நெறைஞ்சு போச்சு. துணி, அம்மாபேட்டை அக்கா தறில நெய்ஞ்சது. தண்ணி தெளிச்சு இழுத்து லேக்கர் அடிச்சதும் மேளம் மாதிரி விறைச்சு நின்னுச்சு. பாதிக்கு மேல துணி போட வேண்டாம்னு சொன்னதும் அக்காதான், உள்ள செஞ்ச வேலை ஜனங்க கண்ணுக்குத் தெரியட்டும்னாங்க. எவ்ளோ சரியான பேச்சு.

பெங்களூர்ல விமானம் செய்யற அரசுக் கம்பெனி எச்ஏஎல்ல வேலை பாத்து ரிட்டையர் ஆன பெரியவரு ரெண்டு நாளும் நின்னு பேசினாரு. போர் முடிஞ்சதும் கான்பூர்ல ஒடைச்சுப் போட்டுட்டுப் போன லிபரேட்டர் குண்டு வீச்சு விமானங்களை எச்ஏஎல் ஆளுங்க ஓரளவு சரி பண்ணி பெங்களூருக்கே ஓட்டிட்டு வந்தது, அது 1968 வரைக்கும் நம்ம விமானப்படைல ஓடினதுன்னு அவரு சொல்லச் சொல்ல கூட்டம் நகரவே இல்ல.

பசங்க அதிகமா கேட்டது கிரீன்லாந்து பனில பொதைஞ்ச பி-38ங்கற அமெரிக்கச் சண்டை விமானத்தைப் பத்தி. 1942ல பனில எறங்கி அங்கயே விட்டுட்டு வந்தது, வருசா வருசம் பனி மேல விழுந்து அழுந்தி 268 அடிக்குக் கீழ போயிருச்சு, 1992ல பனியை உருக்கி ஓட்டை போட்டு துண்டு துண்டா மேல எடுத்து, 2002ல பறக்க விட்டாங்க. இதைப் படம் வரைஞ்சு வெளக்கின டீச்சருக்கும், மண்டபம் குடுத்தவங்களுக்கும், ரெண்டு நாளும் சாப்பாடு போட்ட நம்ம குகை ஏரியா நண்பர்களுக்கும், அலுங்காம ஏத்தி எறக்கின டெம்போ அண்ணனுக்கும் ரொம்ப நன்றிங்க.

துண்டு இப்ப லேத் பட்டறைலயே இருக்கு. ஸ்கூல்ல வைக்கணும்னா கேளுங்க, நாங்களே கொண்டு வந்து மாட்டிக் காட்டறோம். அடுத்து வால் பகுதியைச் செய்யலாம்னு லேத் அண்ணன் பைப்பு அளவெல்லாம் எழுத ஆரம்பிச்சிட்டாரு, கூட வர்றவங்க வாங்க.