பேஸ் கிட்டாருக்குத் தேக்கு கேட்ட மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுகிறேன். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இறக்கி வைத்திருக்கிற பர்மாத் தேக்கு உத்தரத்தில் ஒரு துண்டு வேண்டும், பேஸ் கிட்டார் செய்யப் போகிறேன் என்று கேட்டிருந்தாய். தாராளமாக எடுத்துக்கொள் ஆத்தா. பழைய மரம் என்றால் நாதம் கூடும் என்ற கணக்கில் மட்டும் எடுக்காதே. வீணைக்குப் பலா தேடுகிறார்கள் என்றால், அங்கே மரம் அதிர்ந்துதான் ஒலி வெளியே வர வேண்டும். எலெக்ட்ரிக் பேஸில் காந்தத்துக்கு மேலே எஃகுக் கம்பி ஆடுகிறது, அந்த ஆட்டத்தில் பிக்கப் சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்குகிறது. இதில் மரத்துக்கு உள்ள முதல் வேலை அசையாமல் நிற்பது. நாலு கம்பியும் சேர்ந்து எண்பது கிலோ அளவுக்கு இழுக்கும், இராப்பகலாக. காய்ந்து முடிந்து, இனி முறுக்கிக்கொள்ளாது என்ற நிலைக்கு வந்த மரம் இது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நம்பலாம்.

உத்தரத்தை அறுக்குமுன் ஆசாரியிடம் நல்ல காந்தம் ஒன்றை நாலு பக்கமும் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பழைய வீட்டுச் சட்டங்களில் தலை உடைந்த ஆணி உள்ளே புதைந்து கிடக்கும், மரத்தில் குழி எடுக்கும் ரௌட்டர் இயந்திரத்தின் பிட் அதில் பட்டால் தெறிக்கும். உடலுக்கு 480 மி.மீ. நீளம், 330 அகலம், 44 கனம் போதும். அவ்வளவு அகலம் ஒரே பலகையில் வராது, மூன்றாக ஒட்டிக்கொள்ளலாம். தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால் இழைத்த முகத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்ததும் பசை போட்டுவிட வேண்டும். இன்று துடைத்து நாளை ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும், பசை பிடிக்காது. தேக்குத் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்காதே.

உயிர் இருக்கிற இடம் கழுத்து. வீணையில் மெழுகிலே பதித்த மெட்டு, சுருதி பிசகினால் இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் மெட்டுக்கு ஃப்ரெட் என்று பெயர், அதற்கு ரம்பம் போட்ட பள்ளம் போட்டதுதான். ஆசாரிமார் நூல் கணக்கில் வேலை பார்ப்பவர்கள், ஒரு நூல் என்றால் மூன்று மி.மீ.க்கு மேல். இங்கே அரை மி.மீ. தவறினாலே மேல் ஃப்ரெட்டுகளில் காது கண்டுபிடித்துவிடும்.

சாதாரண பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. இதை 17.817 ஆல் வகுத்தால் நட்டிலிருந்து, அதாவது தலைப்பக்கம் கம்பிகள் அமர்கிற பள்ளக் கட்டையிலிருந்து, முதல் ஃப்ரெட்டின் தூரம்: 48.49 மி.மீ. மீதியை அதே எண்ணால் வகுத்து, முந்தினதோடு கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது 94.26, மூன்றாவது 137.47, ஐந்தாவது 216.73, ஏழாவது 287.35, பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதி, 432. எல்லாவற்றையும் நட்டின் விளிம்பிலிருந்தே அளந்து குறி. முந்தின ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் ஒவ்வொரு பிசகும் சேர்ந்துகொண்டே போகும். கணினியில் அச்செடுத்த தாளை ஒட்டி அறுப்பதாக இருந்தால், முதலில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து 432 இருக்கிறதா என்று பார். பிரிண்டர் தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கிவிடும்.

ஃப்ரெட்டின் அடிப்பட்டை அரை மி.மீ. சொச்சம்தான். ஊரில் கிடைக்கும் ரம்பம் ஒரு மி.மீ. அகலத்துக்கு அறுக்கும், ஃப்ரெட் நிற்காது. 0.6 மி.மீ. அறுக்கிற ஃப்ரெட் ரம்பம் ஒன்று வாங்கிக்கொள், இதில் சிக்கனம் பார்க்காதே. கழுத்துக்குத் தேக்கையே மூன்று சட்டமாக அறுத்து, நடுச்சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பி ஒட்டு. ஒன்று வளையப் பார்த்தால் மற்றது தடுக்கும். விரல்பலகைக்கு ஈட்டிதான் சிறந்தது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள், அதனால் புதிதாக வெட்டிய மரத்தின் பக்கம் போக வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் உடைந்த நாற்காலி, மேஜைக் கால் கிடைக்கும். ஆறு மி.மீ. பலகை எடுக்க அது போதும்.

விரல்பலகையை ஃபெவிகாலால் ஒட்டாதே. அதிலுள்ள தண்ணீரை மரம் குடித்து ஒரு பக்கம் உப்பும், கழுத்து வில்லாகிவிடும். மெதுவாக இறுகும் அரால்டைட் போடு. அதற்குமுன் டிரஸ் ராடுக்கு, அதாவது கழுத்தின் வளைவைத் திருத்தும் எஃகுத் தண்டுக்கு, வாய்க்கால் எடுக்க வேண்டும், அகலமும் ஆழமும் வாங்கிய ராடை வைத்தே அளந்துகொள். நீ சென்னையில் இருப்பதால் டிரஸ் ராட் கட்டாயம். இங்கத்தி வறட்சியில் இறுகிய மரம் கடற்கரை ஈரத்தில் கொஞ்சம் குடிக்கும், கழுத்து நகரும். அங்கிருந்து கோடையில் இங்கே கொண்டு வந்தால் விரல்பலகை சுருங்கி ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் கையைக் கீறும். அது பழுது இல்லை, மெல்லிய அரத்தால் தட்டி எடுத்துவிடலாம்.

உடலில் குழி எடுக்குமுன் கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ், பிக்கப், கம்பியை முறுக்கும் டியூனர் மூன்றும் கையில் இருக்க வேண்டும். படத்தை நம்பி மரத்தைத் தோண்டக் கூடாது. கழுத்தின் அடி 25 மி.மீ. கனம், அதற்கான குழி 16 மி.மீ. ஆழம் என்றால் விரல்பலகை உடலைவிட 9 மி.மீ. உயர்ந்து நிற்கும். உன் பிரிட்ஜின் தாழ்ந்த நிலைக்கும் உயர்ந்த நிலைக்கும் நடுவில் கம்பி அமர்கிறதா என்று தாளில் பக்கவாட்டாக வரைந்து பார். கடைசியில் கம்பி உயரமாகவே நின்றால், குழிக்குள் பிரிட்ஜ் பக்க ஓரத்தில் அரை மி.மீ. வெனீர் மரச்சீவல் ஒன்று வைத்தால் கழுத்து பின்னால் சாய்ந்து கம்பி தாழும். ரௌட்டரை ஒரே மூச்சில் ஆழமாக இறக்காதே, தடவைக்கு ஐந்து மி.மீ. போதும்.

பிரிட்ஜுக்குத் துளை போடுமுன் கழுத்தைப் பூட்டி, நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்தும் தூண்டில் நரம்பை பிரிட்ஜ் வரை இழுத்துக் கட்டிப் பார். விரல்பலகையின் இரு ஓரத்திலும் ஒரே இடைவெளி தெரிந்தால்தான் துளை. பார்த்துச் செய்தவர்கள்கூட நடுக்கோட்டை மட்டும் நம்பி இந்த இடத்தில்தான் தவறுவார்கள். மெல்லிய ஜி கம்பியின் சேடில், அதாவது பிரிட்ஜில் அந்தக் கம்பி அமர்கிற சின்னத் துண்டு, முன்னால் தள்ளிய நிலையில் 864இல் நிற்க வேண்டும், பின்னால் நகர இடம் இருக்க வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு இன்னும் சில மி.மீ. பின்னால் தேவைப்படும். கழுத்துத் திருகுகளுக்கு முன்துளை போட்டு, மரையில் மெழுகு தடவி இறக்கு. தேக்கில் வெறுமனே முறுக்கினால் தலை அறுந்து உள்ளேயே நிற்கும்.

உடலின் மேல்கொம்பு, பட்டை மாட்டுகிற அந்த நீட்டல், பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை நீளட்டும். அழகுக்காக அதைக் குட்டையாக்கினால், பட்டை மாட்டி நின்றதும் தலைப்பக்கம் கீழே சரியும். இடது கை தாங்குகிற வேலையிலேயே களைத்துவிடும்.

பிக்கப்பை முதல் முறை வாங்கிவிடு. 42 கேஜ் கம்பியை, வெறும் 0.063 மி.மீ., ஆயிரக்கணக்கில் அறாமல் சுற்றுவது தனி வித்தை, பிறகு பழகிக்கொள்ளலாம். இரண்டாகப் பிரிந்த பிக்கப்பாக வாங்கு. ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் வந்த அமைப்பு அது. இரு பாதியும் எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தம். கம்பியின் ஒலி அப்படியே நிற்கும், வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். வால்யூமுக்கும் டோனுக்கும் 250 கிலோ ஓம் பாட் (திருகுகிற குமிழ்), டோனுக்கு 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பிரிட்ஜின் அடியிலிருந்து ஒரு ஒயர் பாட்டின் முதுகுக்குப் போக வேண்டும், அதை மறந்தால் இரைச்சல் தீராது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறதா? ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கிறது. கம்பி வாங்கும்போது நிக்கல் பூசிய எஃகு, தடிமன் 45 முதல் 105 வரை என்று கேள். அக்குஸ்டிக்குக்கான வெண்கலச் சுற்றுக் கம்பி காந்தத்துக்குச் சரியாகப் பேசாது.

கம்பி ஏற்றிச் சுருதி சேர்த்த பிறகு வரிசை மாறக் கூடாது. முதலில் கழுத்து: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்தினால் ஏழாவதன் மேல் 0.3 மி.மீ. இடைவெளி, ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு. டிரஸ் ராடைத் தடவைக்குக் கால் சுற்று திருப்பி, ஓர் இரவு விட்டுப் பார். அடுத்து உயரம், பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மி.மீ. கடைசியாகத்தான் சேடில்: பன்னிரண்டில் அழுத்திய சுரம் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னால் தள்ளு, இறங்கி ஒலித்தால் முன்னால் கொண்டு வா. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பி இரைந்தால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கி நிற்கிறது என்று பொருள். மொத்தத்தையும் தேய்க்காமல் அதை மட்டும் தட்டி உட்கார வை. ஸ்டீல் உல் போட்டு மெருகேற்றும்போது பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிடு, தூள் காந்தத்தில் ஏறினால் இறங்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கம்பிகளும் ஆம்ப்ளிஃபயரின் உடலும் ஒரே ஒயரில் கட்டியவை. எர்த் இல்லாத இடத்தில் ஆம்ப்ளிஃபயரில் கசிவு வந்தால் அது உன் கைக்குத்தான் வரும். இங்கே வளவு வீட்டில் பழைய ஒயரிங், இரண்டு துளை பிளக்தான் இருக்கிறது. நீ வருமுன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு மூன்று பின் பாயிண்ட் எர்த்தோடு போட்டு வைக்கிறேன். அதுவரை இங்கே எதையும் அதில் செருக வேண்டாம்.

பிரிட்ஜ் வாங்கியதும் அதன் உயரத்தையும் திருகுத் துளைகளின் இடைவெளியையும் எழுதி அனுப்பு. பலகையை 44க்கு இழைப்பதா, ஒரு மி.மீ. கூட விடுவதா என்று அதைப் பார்த்துத்தான் ஆசாரியிடம் சொல்ல முடியும். மரம் பல்லவன் ரயிலில் ஏறி வந்துவிடும்.

அன்புடன்,
அப்பச்சி