உன் டீமில் இருக்கும் அந்தப் பிள்ளைக்காக

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. நானும் அப்பச்சியும் நலம். நேற்று ராத்திரி நீ போனில் கேட்டபோது அடுப்படியில் ஆட்கள் இருந்தார்கள். நாலு பேர் காதில் விழப் பேசுகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் சரியாகப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

நன்றாக வேலை பார்த்த பிள்ளை, கொஞ்ச மாதமாக எல்லாவற்றிலும் பிந்துகிறாள் என்றாய். போன் அடித்தால் முகம் வெளிறிப் போகிறது, மீட்டிங் நடுவில் எழுந்து போகிறாள், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் கேமரா போடுவதே இல்லை. சாயங்காலம் கேட்டுக்கு வெளியே புருஷன் வந்து நிற்கிறான், அஞ்சு நிமிஷம் தாமதமானால் உனக்கே போன் போடுகிறான். மேலே இருப்பவர்களோ எச்சரிக்கைக் கடிதம் கொடு என்கிறார்கள். "அடுத்தவங்க குடும்ப விஷயத்துல நான் எப்படித்தா தலையிடுறது?" என்று கேட்டாய்.

தலையிட வேண்டாம் அப்பு. அதற்காக ஒதுங்கியும் நிற்காதே. அவள் வீட்டுக்குள் நீ போக முடியாது. ஆனால் அவள் ஒரு நாளில் பாதி நேரத்தை உன் ஆபீஸில் கழிக்கிறாள். அந்தப் பாதி நேரமும், மாசம் பிறந்தால் வரும் சம்பளமும் அவள் கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை. மீதி முடிவெல்லாம் அவளுடையது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதற்கு.

நம் பலகார வேலைக்கு வரும் பெண்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எழுதமாட்டேன், யாராக இருக்கும் என்று நீயும் யோசிக்காதே. வளவு முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்து கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்தோம். யாரோ கை தவறி எவர்சில்வர் தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்துவிட்டாள். தலைமுடியெல்லாம் மாவு. அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். மூன்று சுற்று ஒழுங்காக வரும், நாலாவது பிரிந்துபோகும். நம்மிடம் வேலை பார்ப்பவர்களிலேயே அழகாகச் சுற்றுகிற கை அது.

அடி எப்போது விழும் என்று தெரியாமல் வாழ்கிற உடம்பு எந்நேரமும் காவல் காத்துக்கொண்டே இருக்கும். தூக்கம் கலையும். சொன்னது மறக்கும். சின்னச் சத்தத்துக்குத் திடுக்கிடும், அல்லது கல்லு மாதிரி உறைந்துவிடும். நடந்ததைக் கேட்டால் முன்னும் பின்னுமாகச் சொல்வாள். இன்று சொன்னது நேற்றுச் சொன்னதோடு ஒட்டாது. உடனே "பொய் சொல்றா" என்பார்கள். பொய் இல்லை, அதிர்ச்சி பட்ட மனசு நடந்ததை வரிசையாக அடுக்கி வைத்திருக்காது. ஒருத்தி அழுவாள், ஒருத்தி எரிந்து விழுவாள், ஒருத்தி எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள். அடிபட்டவள் இப்படித்தான் இருப்பாள் என்று ஒரு முகத்தை மனசில் வைத்துக்கொண்டு தேடாதே. காயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றும் இல்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, ஏடிஎம் கார்டைத் தன் பையில் வைத்துக்கொள்வது, வேலைக்குப் போகக்கூடாது என்று தடுப்பது, தாய் வீட்டோடு பேசவிடாமல் செய்வது எல்லாமே இதில் சேர்த்திதான்.

அன்று எல்லோர் முன்னிலும் நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கணக்குப் பார்க்கும் சாக்கில் தனியாகக் கூப்பிட்டு, "நீ எதுவும் சொல்லணும்னு இல்ல. சொல்லணும்னு தோணுனா நான் இருக்கேன். சொன்னாலும் சொல்லாட்டியும் உன் வேலை உனக்கு உண்டு" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ரொம்ப நாள் கழித்து அவளே வந்தாள். அவள் கேட்டது போலீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. சனிக்கிழமை கூலிக்கு அவள் புருஷன்தான் முகப்பில் வந்து நிற்பான். "ஆச்சி, காச அவரு கையில குடுத்துறாதீக" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கு வந்திருந்த எல்லோருக்கும், "இனிமே கூலி அவங்கவங்க கணக்குலதான் ஏறும், கையில கிடையாது" என்று பொதுவாக ஒரு சட்டம் போட்டேன். அவளுக்காக என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் போட்டேன். அஞ்சலகத்தில் அவள் பெயரில் கணக்குத் தொடங்கினோம். பாஸ்புக் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

"அந்த ஆள விட்டு வந்துரு" என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் விட்டு வரும் நேரமும், வந்த பிறகான நாள்களும்தான் உயிருக்கே ஆபத்தான காலம். பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் அடிக்கிறவன் இன்னும் மூர்க்கமாவான். எந்த ராத்திரி ஆபத்து, எந்தப் பகலில் கதவைத் திறந்து வெளியே வரலாம் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. வீட்டில் ஒரு முடிவுகூட அவள் கையில் இல்லை. உதவி செய்கிறேன் என்று நாமும் ஒரு முடிவை அவள் மேல் சுமத்தக் கூடாது.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவைச் சுற்றி அறை அறையாக நாலைந்து புள்ளி, அதாவது நாலைந்து குடும்பம், குடியிருந்த காலம் உண்டு. ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குக் கேட்கும். கேட்டவர்கள் மறுநாள் எதுவுமே தெரியாத மாதிரி பந்தியில் பரிமாறுவார்கள். அதைக் கௌரவம் என்று சொல்லிக்கொண்டார்கள். எத்தனை பெண்கள் அந்தக் கௌரவத்துக்குள் வாய் திறக்காமலே செத்துப் போனார்களோ. அது இன்றும் போகவில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள கல்யாணமான பெண்களில் 100க்கு 38 பேர் புருஷனால் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன் ஆபீஸில் இவள் ஒருத்தி மட்டும் என்று நினைக்காதே. அடிக்கிறவனும் ஏதோ ஓர் ஆபீஸில் நல்ல பெயரோடுதான் வேலை பார்க்கிறான்.

இனி நீ பேசுவதைப் பற்றி. வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூட எழுதாதே. அவள் போனை அவன் தினமும் எடுத்துப் பார்க்கலாம், மெயில் பாஸ்வேர்டும் அவன் கையில் இருக்கலாம். ஆபீஸிலேயே, வேலை நேரத்திலேயே, வழக்கமான வேலைப் பேச்சு மாதிரி கூப்பிடு. கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அவளுக்குக் கொடு, நீ வழியை மறித்து உட்காராதே. கூடப் பெண் ஒருவர் இருந்தால் நல்லதா என்று அவளிடமே கேள். "கொஞ்ச நாளா நீங்க சிரமப்படுற மாதிரி தெரியுது. வேலையில நான் எதை மாத்துனா உங்களுக்கு லேசா இருக்கும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்து. அவள் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. அவள் சொன்னால் முதலில் "நம்புறேன்" என்று சொல். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தியம் பண்ணாதே. உயிருக்கு ஆபத்து என்றால் நான் அவசர உதவி எண் 112ஐக் கூப்பிட வேண்டியிருக்கும், அது தவிர உங்களைக் கேட்காமல் எதுவும் செய்யமாட்டேன் என்று உள்ளதைச் சொல். ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே. "நான் வேணா அவர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா?" என்று நல்ல மனசோடு கேட்கத் தோன்றும். கேட்காதே அய்யா. நீ பேசியதற்கு அன்றைக்கு ராத்திரி அவள்தான் அடி வாங்குவாள்.

வேலையைக் குறைப்பதாக இருந்தாலும் அவளைக் கேட்டுச் செய். பாவம் என்று நினைத்து அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரிய வேலையைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்துவிட்டால், அவளுக்கு மிஞ்சியிருக்கும் மரியாதையும் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார் என்று சலுகை கொடுப்பதாக நினைத்துச் சொல்லாதே. அவளுக்கு ஆபீஸ்தான் மூச்சு விடுகிற இடமாக இருக்கலாம். அவள் எத்தனை மணிக்குக் கிளம்பினாள், எந்த மாடி, யார் பக்கத்தில் உட்காருகிறாள் என்று யார் போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று ரிசப்ஷனுக்கும் செக்யூரிட்டிக்கும் எல்லோருக்கும் பொதுவான விதியாகவே சொல்லி வை. சம்பளம் எந்தக் கணக்குக்குப் போகிறது, சம்பளச் சீட்டு எந்த மெயிலுக்குப் போகிறது என்பதை மாற்ற வேண்டுமா என்று ஹெச்.ஆர். மூலமாகக் கேட்கச் சொல்.

சட்டத்தை தேவகோட்டையில் வக்கீலாக இருக்கும் உன் அயித்தை மகளிடம் கேட்டு எழுதுகிறேன். யாருக்காக என்று அவளிடமும் சொல்லவில்லை. உங்கள் கம்பெனியில் இருக்கும் உள்புகார்க் குழு 2013ஆம் வருஷச் சட்டப்படி வேலையிடத்துப் பாலியல் தொல்லையை விசாரிக்க ஏற்பட்டது. வீட்டில் நடக்கும் அடிக்கு அது வழி இல்லை, அங்கே எழுது என்று சொல்லி அவளை அலைக்கழிக்காதே. இதற்கென்று இருப்பது 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணத்தைப் பறிப்பதும் வாயால் வதைப்பதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். அதில் ஒன்று எனக்கே புதிதாக இருந்தது. அவள் வேலை பார்க்கிற இடத்துக்குள் அவன் வரக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில், 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவள் வேலை பார்க்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம், புகுந்த ஊருக்கு ஓட வேண்டியதில்லை. அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் கேட்கலாம்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு, மனு எழுத உதவுவார். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்ணுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 181க்குப் போன் பண்ணினால் மகளிர் உதவி மையம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வைத்தியம், தங்க இடம், மனநல ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இந்த நம்பர்களை அவள் கையில் எழுதித் திணிக்காதே, வீட்டில் சிக்கினால் வம்பு. ஆபீஸ் பெண்கள் கழிவறைக் கதவில் எல்லோருக்குமாக ஒட்டச் சொல்.

லீவு விஷயம் கேட்டாய். நம் நாட்டில் இதற்கென்று தனி லீவுச் சட்டம் கிடையாது. உங்கள் கம்பெனிக்கு ஆஸ்திரேலியாவிலும் ஆபீஸ் இருக்கிறது என்றாயே, அங்கே 2023 முதல் இதற்காக வருஷத்துக்கு 10 நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்கச் சட்டமே இருக்கிறது. நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் 10 நாள்தான். சிட்னியில் கொடுக்கிறதைச் சென்னையில் ஏன் கொடுக்க மாட்டீர்கள் என்று ஹெச்.ஆரிடம் கேள். யாருக்காக என்று கேட்டால், எல்லோருக்காகவும் என்று சொல்.

எச்சரிக்கைக் கடிதத்தை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லி மேலே எழுது. காரணம் கேட்பார்கள். வேலையைப் பங்கு போடுவதில் மாற்றம் செய்திருக்கிறேன், மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினால் போதும். அதற்கு மேல் அவள் கதையை விற்றுத்தான் அவள் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலை வரக் கூடாது. வந்தால், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்பதை அவளிடம் கேட்டுக்கொண்டு அந்த அளவு மட்டும் சொல்.

நம் பலகாரக்காரப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், அவனை விட்டு வந்துவிட்டாளா என்று கேட்பாய். அதைச் சொல்ல வேண்டியவள் அவள். வேலைக்கு வருகிறாள், அந்த அளவுக்குத்தான் நான் சொல்லலாம்.

நீயும் இதையே நினைத்துக்கொண்டு ராத்திரி முழிக்காதே. அடுத்தவர் வலியைத் தினமும் கேட்டால் கேட்கிறவருக்கும் சோறு இறங்காது. உங்கள் கம்பெனியில் ஆலோசகர் இருந்தால் உனக்காகவும் ஒரு தரம் போய்ப் பேசு. ஹெச்.ஆர். என்ன பதில் சொன்னார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் போன் போடு, அன்றைக்கு ஆட்கள் வரமாட்டார்கள்.

அன்புடன்,
ஆத்தா
காரைக்குடி