ஏராவை ஏன் உடனே பூசி மூடுவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஏரா என்பது படகின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகெலும்புக் கட்டை. பழைய பாய்மரப் படகைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர்கள் பலர், "ஏராவைச் சுரண்டி, எபாக்ஸிப் பிசின் பூசி, மேலே ஃபைபர் சுற்றிக் கொடுத்துவிடுங்களேன்" என்கிறார்கள். அப்படிச் செய்ய எங்களுக்கு மனம் வருவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். அந்த ஈரத்தோடு மூடிவிட்டால் வெளியே பளபளக்கும், உள்ளே உளுத்துப்போகும். மூடிய பிறகு பார்க்கவும் முடியாது. அதனால் அடியின் இருபுறமும் துணையாகப் பொருத்தியிருக்கும் இருபக்க ஏராக்களைக் கழற்றி, நிழலில், நல்ல காற்றோட்டத்தில் மெதுவாகக் காயவிடுகிறோம். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். கனத்த கட்டை என்றால் மாதக்கணக்கில் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுப்போடும் இடத்தில் ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கினால்தான் எபாக்ஸியை எடுக்கிறோம். நடு ஏராவை அவ்வளவு உலர்த்த மாட்டோம், பலகைகள் சுருங்கி இடுக்கெல்லாம் திறந்துகொள்ளும்.

எங்களுக்கு மரத்தைவிடக் கவலை தருவது ஏராவைப் படகோடு பிணைக்கும் போல்ட்டுகள்தான். இரும்பு துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரமும் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். சரி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமே என்றால், ஈர மரத்துக்குள் ஆக்சிஜன் கிடைக்காமல் அதன் காப்புப் படலம் அழிந்துவிடும். தலை பளிச்சென்று இருக்கும், நடுவில் அரித்து மெலிந்திருக்கும். எனவே வெளியிலிருந்து பார்த்து எதையும் முடிவுசெய்வதில்லை, ஓரிரு போல்ட்டுகளையாவது உருவிப் பார்க்கிறோம். புதிதாகப் போடுவது வெண்கலம். உலோகம் அரிக்காமல் காக்க வைக்கும் துத்தநாகக் கட்டிகளை அளவுக்கு மேல் பொருத்தச் சொல்லாதீர்கள். அதிகமானால் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரத்தையே தின்னும்.

அப்புறம், கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். கடல்நீரில் அதன் குஞ்சு ஊசிமுனை அளவுத் துளை வழியாக நுழைந்து உள்ளேயே வளரும். தரைதட்டிப் பூச்சு உரிந்த அடிப்பக்கம்தான் அதற்கு வாசல். ஆகவே ஏராவின் அடியில் தார் தோய்த்த கம்பளித்துணி வைத்து, ஒரு காவல் பலகை அடிக்கிறோம். புழு தின்றாலும், தரையில் தேய்ந்தாலும் அந்தப் பலகையோடு போகட்டும், அதை மாற்றிக்கொள்ளலாம். செம்பு கலந்த அடிப்பூச்சைப் பருவந்தோறும் பார்த்துப் புதுப்பியுங்கள்.

படகைக் கொண்டுவரும்போது போல்ட் கடைசியாக எப்போது மாற்றியது, என்ன பூச்சு அடித்தது என்ற குறிப்பு இருந்தால் எடுத்துவாருங்கள். உருவிய போல்ட்டை உங்கள் கையில் கொடுத்துக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குவோம்.

அன்புடன்,
படகுப் பட்டறையினர்