தரம் 2க்குப் படிப்பிக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பிள்ளைகள் பாடநூலின் பக்கத்தை மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறார்கள், நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டால் முழிக்கிறார்கள் என்று நீ போனில் சொன்னாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது. இது எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம்தான். நீயும் வைத்திருந்து படிக்கலாம்.

அதை உன் வகுப்பின் குறையாக நினைக்காதே. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் காது கூர்மை. தாலாட்டு, விடுகதை, மாசி மாதத்துக் காமன் கூத்து எல்லாம் அதற்குக் காதால் வந்தவை. நீ ஒரு வரி சொல்லி வகுப்பே திருப்பிச் சொல்லும்போது அதையும் பாட்டாகத்தான் வாங்கிக்கொள்ளும். கண் எழுத்தின் பக்கமே போகாது. சேர்ந்து வாசிப்பதை நிறுத்த வேண்டாம், கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது ஒரு துணை. ஆனால் அதை வாசிப்பு என்று கணக்கு வைக்காதே. பக்கத்திலுள்ள சொற்களை மட்டைத் துண்டுகளில் எழுதி, வரிசை மாற்றி, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் காட்டு. யாருக்கு எது தெரிகிறது என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள். நாள் பிடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிற சொல்லிலிருந்து எழுத்துக்குப் போ. நீ ஆசிரியப் பயிற்சி பெற்ற பத்தனைக் கல்லூரியில் உங்களுக்கு இதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். 1999இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இலங்கை முழுக்க வந்தபோது எங்களுக்கும் சொன்னார்கள். விளையாட்டும் பேச்சும் முன்னால், மேசை வேலை பின்னால் என்று. ஆனால் வகுப்பறைக்குள் போனதும் புத்தகத்தை முடிக்கிற அவசரம் வந்துவிடுகிறது.

ட, ப, ம எழுதுவதற்குச் சுலபம், அதனால் அவற்றில் தொடங்குகிறோம். அந்த மூன்றுக்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது பார். படம் என்னும்போது ட மெதுவாய் ஒலிக்கிறது. பட்டம் என்னும்போது அழுத்தமாய் ஒலிக்கிறது. எழுத்து ஒன்றுதான். ஆனால் தமிழ் பேசுகிற பிள்ளை இதில் தடுமாறுவதே இல்லை. படமும் பட்டமும் அதற்கு முன்பே தெரியும், எழுத்துக் கூட்டி வரும்போதே வாய் சரியான ஒலிக்குத் திரும்பிவிடுகிறது. கேட்டே இராத ஒரு சொல்லைக் கொடு, அதே பிள்ளை கல்லில் இடறினது போல நிற்கும். அதற்காகக் கடலும் தோணியும் பனைமரமும் வருகிற பாடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் அதைக் கதையாகப் பேசு, படம் காட்டு, சொல் வாயில் பழகட்டும். புத்தகத்தை அப்புறம் திற.

இப்போது தேயிலைக் கொழுந்தை, கொழுந்து என்கிற சொல்லை எடுத்துக்கொள். நம் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேட்கிற சொல். எழுத்துக் கணக்கில் பார்த்தால் சின்ன வகுப்புக்கு அதைவிடக் கஷ்டமான சொல் குறைவு. கொ என்பதில் கண் முதலில் கொம்பைப் பார்க்கிறது, பிறகு க, பிறகு அரவு என்கிற துணைக்கால். வாயோ க் என்றுதான் தொடங்க வேண்டும். ழு ஒரு விதமாய் வளைகிறது, து வேறு விதமாய். 247 எழுத்தும் வரட்டும், அதற்குப் பிறகு கொழுந்து எழுதலாம் என்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சொல்லை முழுசாய்ப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடு. ஆளைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது போலவே அதையும் கண்டுகொள்வார்கள். கொடி, கொக்கு, கொய்யா என்று பின்னால் வரும்போது, “இது கொழுந்தில வர்ற கொ” என்று அவர்களே சொல்வார்கள். கௌ வந்தால் மட்டும் கவனமாயிரு. பின்னால் நிற்கும் குறி ள போலவே இருப்பதால் கெ, ள என்று பிரித்து வாசிப்பார்கள். அதற்கு அவசரமில்லை.

காலையில் ஒரு பிள்ளையை முன்னால் கூப்பிட்டு நேற்று நடந்ததைச் சொல்லச் சொல். “அம்மா மலைக்குப் போனாங்க. தங்கச்சி புள்ளக்காம்பராவுல இருந்துச்சி. எனக்கு அட்டை கடிச்சிச்சி.” (புள்ளக்காம்பரா என்பது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்.) அப்படியே கரும்பலகையில் எழுது. இருந்துச்சி என்பதை இருந்தது என்று அப்போதே மாற்றிவிடாதே. தான் சொன்னதே எழுத்தாகி நிற்பதைப் பார்க்கிற பிள்ளை அந்த வரிகளை வாசித்துவிடும். எது அம்மா, எது அட்டை என்று தொட்டும் காட்டும், ஏனென்றால் எதை எங்கே சொன்னோம் என்று அதற்குத் தெரியும். கொஞ்ச நாள் போனதும், பக்கத்திலேயே “புத்தகத்தில் இப்படி எழுதுவோம்” என்று இன்னொரு வடிவமும் எழுது. இரண்டும் தமிழ்தான் என்று சொல்லிக் கொடு. நான் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர், தோட்டத்து வரிசை வீடுகளில் பேசுகிற லயத்துப் பேச்சு என்று ஒரு சிறுமியைக் கேலி செய்தார். அந்த வருஷம் முழுக்க அவள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காத பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்து வழி இல்லை மகள்.

பிள்ளை தானாக எழுதும்போது கொளுந்து என்று எழுதினால் சிவப்புக் கோடு இழுக்காதே. ல, ள, ழ நம் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காதை நம்பி எழுதுகிற பிள்ளைக்கு அதுதான் சரியான எழுத்து. சுவரிலிருக்கிற சொல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல், தானே திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பேய் மழை. உங்கள் ஊவா மாகாணத்துப் பக்கம் ஐப்பசியில்தான் மழை பிடிக்கும். அந்த நாட்களில் ஈரச் சட்டையோடும் விறைத்த விரல்களோடும் வருகிற பிள்ளையிடம் உடனே பென்சிலைக் கொடுக்காதே. கதையும் பேச்சும் முதலில் நடக்கட்டும், எழுதுவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்.

உன் தாத்தாவின் தகரப் பெட்டி நினைவிருக்கிறதா? 1948இல் நம் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விண்ணப்பிக்க, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்தோம் என்று கடதாசி காட்ட வேண்டியிருந்தது. தாத்தாவின் அப்பா கைநாட்டு. எந்தக் கடதாசி எதற்கு என்று தெரியாமல் கிடைத்ததையெல்லாம் அந்தப் பெட்டியில் போட்டு வைத்தார். அவருடைய பெயரே ஒவ்வொரு கடதாசியில் ஒவ்வொரு விதமாக இருந்தது, அது அவருக்குத் தெரியவே தெரியாது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பெடுத்தது 1970களில்தான். அதுவரை பல தோட்டங்களில் ஒரு மண்டபம், ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு சரி. இதையெல்லாம் கேட்டு வளர்ந்ததால், ஒரு பிள்ளை வாசிக்கத் தெரியாமல் தரம் 3க்கு ஏறுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெயர் எழுதப் பழக்கினால் அதோடு விட்டுவிடாதே. தன் பெயர், அம்மா அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன் எல்லாவற்றையும் வேறொருவர் எழுதிக் காட்டினால் சரியா பிழையா என்று பார்க்கப் பழக்கு. வேண்டுமென்றே ஓர் எழுத்தைப் பிழையாகப் போட்டுக் கொடு, சந்தோஷமாகக் கண்டுபிடிப்பார்கள்.

பெற்றோரை வேலை நாளில் கூப்பிடாதே. ஒரு நாள் பாடசாலைக்கு வந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, நாள் சம்பளம் போய்விடும். சாயங்காலம் கொழுந்தை எடை போட்டு முடிந்த பிறகு நீயே லயத்துப் பக்கம் போய்ப் பேசு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டால் அவள் கூனிக் குறுகிப் போவாள். “இன்னைக்கு என்ன வாசிச்ச, எனக்கு வாசிச்சுக் காட்டு” என்று பிள்ளையிடம் தினமும் கேட்டால் போதும் என்று சொல். பாட்டி, அம்மாயிமாரிடம் கதை சொல்லச் சொல். யாராவது இப்போதே புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் பற்றிப் பேச ஆரம்பித்தால், அது தரம் 5இல் என்று பணிவாய்ச் சொல்லிவிடு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வினாத்தாள் வெறும் கடதாசி.

சொல் மட்டை வெட்டக் காசு கொடுத்து பிரிஸ்டல் போட் வாங்காதே. பழைய கலண்டர்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெள்ளையாய் நன்றாக இருக்கிறது. சித்தப்பா ரயிலில் பதுளைக்கு வரும்போது கொடுத்து விடுகிறேன். பிள்ளைகளைத் தனித்தனியே கேட்டுப் பார்த்து முடித்ததும், யார் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்று அந்தக் கொப்பியில் உள்ளபடி எனக்கு எழுது. ஓர் எழுத்தும் தெரியாத பிள்ளை இருந்தால் அதைப் பற்றி முதலில் எழுது.

அன்புடன்,
அம்மா