ஒரு வரியில் முடிந்துவிடாத லெமன் லா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவில் கார் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் ஓரிடத்தில், புது வண்டி சரியில்லையென்றால் கம்பெனியே திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தந்துவிடும், அதற்கு லெமன் லா என்று சட்டமே இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தார் கட்டுரையாளர். நான் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருப்பவன். அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கியவன். அந்த வரியை நம்பி இங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து யாராவது ஃபோனில் யோசனை சொல்லிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். அதே கட்டுரையில் இதைவிடப் பெரிய தவறு ஒன்றும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கு ஒரு சட்டம் உண்டு, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. லெமன் லா என்ற பெயரோடு முதலில் வந்தது கனெக்டிகட்டில், 1982-இல். கலிஃபோர்னியாவில் அதற்கு முன்பே, 1970-இலேயே, சாங்-பெவர்லி சட்டம் என்று ஒன்று இருந்தது. வாரண்டி கொடுத்துப் பொருளை விற்றால் அந்த வாரண்டிக்குக் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும், நியாயமான எண்ணிக்கையில் வாய்ப்புக் கொடுத்தும் பழுதை நீக்க முடியவில்லையென்றால் பொருளை மாற்றிக் கொடு அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்பது அதன் சாரம். 'நியாயமான' என்றால் எத்தனை தடவை என்ற சண்டை வருமல்லவா, அதற்காக 1982-இல் டேனர் சட்டம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். வண்டி வாங்கி 18 மாதம் அல்லது 18,000 மைல், இதில் எது முதலில் வருகிறதோ அதற்குள், ஒரே பழுதுக்கு நான்கு தடவைக்குக் குறையாமல் டீலரிடம் விட்டிருந்தால், அல்லது உயிருக்கு ஆபத்தான பழுதாக இருந்து இரண்டு தடவை விட்டிருந்தால், அல்லது பழுதுகளுக்காக மொத்தம் 30 நாளுக்கு மேல் வண்டி பட்டறையிலேயே கிடந்திருந்தால், போதுமான வாய்ப்புக் கொடுத்தாகிவிட்டது என்று கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது கம்பெனியின் பாடு. 18 மாதம் தாண்டிவிட்டால் எல்லாம் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பழுதைக் காட்டியிருந்தால் அதற்குப் பிறகும் கேட்கலாம், இந்தச் சலுகை மட்டும் கிடைக்காது. வண்டி கலிஃபோர்னியாவில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வேலை மாறி டெக்சாஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ போய் அங்கே வண்டி வாங்குகிறவர்கள் அந்தந்த மாநிலச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் எனக்குப் பெரிதாகப்படும் விஷயம் பணம் திரும்பி வருவதுகூட இல்லை. பழுது எதனால் வந்தது என்று வண்டிக்காரன் நிரூபிக்க வேண்டியதில்லை! கியர்பாக்ஸா, சாஃப்ட்வேரா, வயரிங்கா, அது அவன் தலைவலி இல்லை. வண்டியைத் தவறாகப் பயன்படுத்தியதால் வந்த கோளாறு என்று கம்பெனி சொன்னால் கம்பெனிதான் காட்ட வேண்டும். வாரண்டிக்குள் பழுது வந்தது, வண்டியின் பயனையோ மதிப்பையோ பாதுகாப்பையோ அது கணிசமாகக் குறைக்கிறது, சரிசெய்ய வாய்ப்புக் கொடுத்தேன், முடியவில்லை. இந்த நான்கையும் காட்டினால் போதும்.

எதை வைத்துக் காட்டுவது? ரிப்பேர் ஆர்டரை வைத்துத்தான். ஒவ்வொரு தடவை வண்டியை விட்டு எடுக்கும்போதும் டீலர் தரும் அந்தத் தாளை வைத்துத்தான் முழுக் கேஸும் நிற்கிறது. என் வண்டி 880 ஃப்ரீவேயில் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று வேகம் செத்துப்போகும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது, பின்னால் வரும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கும், ஓரம் கட்டி அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடும். டீலரிடம் கொண்டுபோனால் அன்றைக்கென்று பார்த்து நல்ல பிள்ளையாக நிற்கும். சர்வீஸ் அட்வைசர் கையில் டேப்லெட்டோடு வந்து சிரித்துக்கொண்டே, "சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம் சார், இதற்கெல்லாம் ஆர்டர் போட வேண்டாம்" என்பார். அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். ஆர்டர் போடவில்லையென்றால் அந்தத் தடவை நீங்கள் வரவே இல்லை என்று அர்த்தம். போட்ட ஆர்டரிலும் நாம் சொன்னதை அவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று நின்று படிக்க வேண்டும். "ஃப்ரீவேயில் 65 மைல் வேகத்தில் சக்தி இழக்கிறது" என்று நான் சொன்னதை ஒரு தாளில் "வேகமெடுக்கத் தயங்குவதாக வாடிக்கையாளர் சொல்கிறார்" என்று எழுதி, கீழே "சோதித்ததில் கோளாறு தென்படவில்லை, வண்டி இயல்பாக இயங்குகிறது" என்று முடித்திருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதச் சொன்னேன், முகம் சுளித்தார்கள், எழுதினார்கள். அதற்குப் பிறகு என் மனைவி பக்கத்து சீட்டிலிருந்து டேஷ்போர்டை ஃபோனில் படமெடுக்க ஆரம்பித்தாள். மைல் கணக்கு, வேகம், எச்சரிக்கை விளக்கு மூன்றும் ஒரே காட்சியில் தெரிந்த அந்த வீடியோ வந்ததும் "தென்படவில்லை" என்ற பேச்சு நின்றது.

கோளாறு தென்படவில்லை என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் கணக்கில் சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியைக் கொண்டுபோய் விட்டோம், சரியாகவில்லை, அவ்வளவுதான் வேண்டும்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். 'முழுப் பணமும்' என்று கட்டுரையாளர் எழுதியது ஏறக்குறையத்தான் சரி. டவுன் பேமென்ட், கட்டிய மாதத் தவணைகள், விற்பனை வரி, பதிவுக் கட்டணம் எல்லாம் திரும்ப வரும், பாக்கிக் கடனைக் கம்பெனியே பேங்க்குக்குக் கட்டிவிடும், டோயிங் செலவும் வாடகைக் காரும்கூடக் கேட்கலாம். ஆனால் முதல் தடவை அந்தப் பழுதுக்காக டீலரிடம் கொண்டுபோகும் வரை ஓட்டிய மைலுக்கு ஒரு தொகையைக் கழிப்பார்கள். வண்டி விலையை அந்த மைலால் பெருக்கி 1,20,000-ஆல் வகுக்க வேண்டும். 42,000 டாலர் வண்டி, முதலில் கொண்டுபோனது 4,000 மைலில் என்றால் 1,400 டாலர் கழியும். அதையே "போகட்டும், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று 12,000 மைலில் கொண்டுபோயிருந்தால் 4,200 டாலர். நம் ஆட்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, அந்தப் பொறுமைக்கு விலை இது. பழைய வண்டியின் கடன் பாக்கியைப் புதுக் கடனில் சேர்த்திருந்தால் அதையும் கழிக்க இடமுண்டு.

கம்பெனி முதலில் பைபேக், அதாவது வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தருவது, என்ற பேச்சையே எடுக்காது. வாடிக்கையாளர் சேவையிலிருந்து இனிமையாக ஒருவர் கூப்பிடுவார், நீட்டித்த வாரண்டி தருகிறோம், ஓரிரு மாதத் தவணையை நாங்களே கட்டுகிறோம், ஆயில் மாற்றுவது இலவசம் என்று. வேண்டாம் என்று சொல்வதற்கு முன் எல்லாவற்றையும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், கையெழுத்துக் கேட்டால் என்ன உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று வக்கீலிடம் காட்டாமல் போடாதீர்கள். சில கம்பெனிகளுக்கு மாநிலம் அங்கீகரித்த இலவச சமரச ஏற்பாடு உண்டு. அதன் தீர்ப்பு நமக்குப் பிடித்து நாம் ஏற்றுக்கொண்டால் கம்பெனியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும், பிடிக்கவில்லையென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று பயப்பட வேண்டாம், ஜெயித்தால் வக்கீல் ஃபீஸைக் கம்பெனிதான் கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. தெரிந்தே தட்டிக்கழித்தார்கள் என்று நிரூபணமானால் நஷ்டத்தின் இரண்டு மடங்கு வரை அபராதமும் உண்டு. கம்பெனிகள் பல கேஸ்களைக் கோர்ட் வாசலிலேயே முடித்துக்கொள்வது இந்த இரண்டுக்கும் பயந்துதான்.

இதே காரணத்தால்தான் இங்கே ரேடியோவைத் திருப்பினால் லெமன் லா வக்கீல் விளம்பரம். அவர்கள் எல்லோரும் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை, கேஸ் இழுக்க இழுக்க ஃபீஸ் ஏறும் என்பது அவர்களுக்கும் தெரியும். கேஸ்கள் குவிந்து கோர்ட்டுகள் திணறியதால் 2024-இல் ஏபி 1755 என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. வாரண்டி முடிந்து ஒரு வருடத்துக்குள், எப்படியும் வண்டி கைக்கு வந்த ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், அபராதம் கேட்பதாக இருந்தால் 30 நாள் முன்பே கம்பெனிக்கு எழுத்தில் சொல்ல வேண்டும் என்று புது விதிகள். பிறகு 2025-இல், விரும்பிச் சேரும் கம்பெனிகளுக்கு மட்டும்தான் அது என்று மாற்றினார்கள். ஆக, இன்றைக்கு ஒரே மாநிலத்தில் இரண்டு நடைமுறை, எது உங்களுக்கு என்பது வண்டியின் பிராண்டைப் பொறுத்தது! இதைப் போன்ற கூத்து வேறெங்கும் இருக்காது. எந்தக் கம்பெனி சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலை மாநில நுகர்வோர் துறை வைத்திருக்கிறது, வண்டியில் கோளாறு தொடங்கிய உடனேயே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இனி கட்டுரையின் பெரிய தவறு. "வாரண்டி மிச்சமிருக்கும் பழைய வண்டி வாங்கினாலும் இதே பாதுகாப்பு உண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடமாக இங்கே வக்கீல்களும் அப்படித்தான் வாதாடி வந்தார்கள். 2024 அக்டோபரில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ரோட்ரிகெஸ் வழக்கில் அதை அடைத்துவிட்டது. முந்தைய சொந்தக்காரரின் வாரண்டி மிச்சமிருப்பதால் மட்டும் பழைய வண்டி சட்டத்தின் கண்ணில் 'புது வண்டி' ஆகிவிடாது, விற்பனையோடு சேர்த்துக் கம்பெனி புது வண்டி வாரண்டியைக் கொடுத்திருந்தால்தான் ஆகும் என்று தீர்ப்பு. கம்பெனி திருப்பி எடுக்க வேண்டும், மாற்றித் தர வேண்டும் என்ற அந்தப் பிரிவு இப்படிப்பட்ட பழைய வண்டிக்கு இப்போது கைகொடுக்காது. புதிதாக வரும் நம் பிள்ளைகள் முதலில் வாங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டிதான், அதனால் இந்தத் தவறு அவர்களைத்தான் நேராகத் தாக்கும். இன்னொன்று, கம்பெனி திருப்பி எடுத்த வண்டிகளும் பழைய கார் சந்தைக்கே வருகின்றன. அவற்றின் உரிமைப் பத்திரத்தில் லெமன் லா பைபேக் என்று அச்சிட்டிருக்கும், இடதுபக்கக் கதவின் சட்டகத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பேரம் பேசுவதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள்.

நம் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கோயம்புத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர் வாங்கிய புது வண்டியிலும் ஏறக்குறைய இதே கோளாறு. இந்தியாவில் லெமன் லா கிடையாது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். அங்கே முதல் கேள்வியே இது 'உற்பத்திக் குறைபாடு' என்பதற்கு என்ன ஆதாரம் என்பதுதான். பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்ற குறையாக இருந்தால் சட்டப்படி ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரையே கட்டச் சொல்லலாம். 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுசீல்குமார் கப்கோத்ரா வழக்கில், பழுதான பாகத்தை மாற்றிக் கொடுக்க முடியும்போது வண்டியையே மாற்றச் சொல்வது சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கம்பெனி வக்கீல்கள் இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே போனால் வருடம் ஓடிவிடும், வாரண்டியும் முடிந்துவிடும். மாமா ஒரு ஓய்வுபெற்ற மெக்கானிக்கல் பேராசிரியரைத் தேடிப் பிடித்து அறிக்கை வாங்குவதற்குள் அலுத்துப்போனார். அவரிடம் இல்லாதது நேர்மையோ ஆதாரமோ அல்ல, ஜாப் கார்டு, அதாவது நம் ஊர் ரிப்பேர் ஆர்டர், ஒவ்வொன்றும் பைலில் இருக்கிறது. அதே பைல் இங்கே இருந்திருந்தால் கேஸ் முடிந்திருக்கும்.

அதனால் நம் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது, பணத்தைத் திருப்பித் தரும் சட்டம் வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. இத்தனை தடவை விட்டும் சரியாகவில்லையென்றால் குறை கம்பெனியுடையது, இல்லையென்று அவர்கள் நிரூபிக்கட்டும் என்ற ஒரு வரியைக் கேளுங்கள். வக்கீல் செலவு கம்பெனி தலையில் என்ற இன்னொரு வரியும் வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டு லெமன் லா என்று பெயர் மட்டும் வைத்தால் மாமா மாதிரி ஆட்களுக்கு ஒரு பிரயோஜனமும் இருக்காது.

பழைய வண்டி பற்றிய திருத்தத்தை மட்டுமாவது வரும் ஞாயிறே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் பலர் இங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், எங்கள் அபார்ட்மென்ட் குழுவிலேயே வந்துவிட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா