நிக்கோல்ஸ்கோயே கிராமம் பற்றி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பாலூட்டிக்கு வடதிசைச் சொந்தக்காரனான ஸ்டெல்லர் கடற்பசு எப்படி அழிந்தது என்று கேட்டிருந்தாய். அது வாழ்ந்த, ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலுள்ள பெரிங் தீவில் இன்று இருக்கும் ஒரே ஊர் நிக்கோல்ஸ்கோயே. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

1741 நவம்பரில், ருஷ்யாவுக்காகக் கடலாய்வு செய்த விட்டஸ் பெரிங்கின் கப்பல் அந்த ஆளில்லாத் தீவில் ஒதுங்கியது. அடுத்த மாதமே அவர் இறந்தார். மிஞ்சிய 46 பேர் உடைந்த கப்பலின் மரத்திலேயே சிறு கப்பல் கட்டி 1742 ஆகஸ்டில் ருஷ்யாவின் கம்சாத்கா தீபகற்பத்துக்குத் திரும்பினார்கள். அதற்குத் தெம்பு கொடுத்தது கடற்பசு இறைச்சி. எட்டு மீட்டர் வரை நீளம், முங்கத் தெரியாது, கரையோரப் பாசியை மேயும். படகில் போய் அதன் உடலில் இரும்புக் கொக்கியை ஏற்றுவார்கள். வடத்தைக் கரையில் முப்பது பேர் பிடித்து இழுப்பார்கள். அப்படிப் பிடித்தால் சேதம் குறைவு. பின்னால் வந்த தோல் வேட்டைக்காரர்களோ சின்னச் சின்னக் கூட்டம். இழுக்க ஆளில்லை, ஈட்டியால் குத்திவிட்டுக் காத்திருந்தார்கள். குத்துப்பட்டதில் பல கடலுக்குள் போய்ச் செத்தன, யாருக்கும் உதவவில்லை. 1768க்குப் பிறகு அதைப் பார்த்ததாகப் பதிவே இல்லை. கண்டுபிடித்து 27 வருஷம்தான்!

ஊர் பிறந்தது 1826இல். ருஷ்ய-அமெரிக்கக் கம்பெனி என்ற ருஷ்யத் தோல் வணிக நிறுவனம், அலாஸ்கா பக்கத்து அட்கா தீவின் பழங்குடிகளான அல்யூத் மக்களைத் தோல் வேலைக்காக இங்கே கொண்டுவந்து குடியேற்றியது. பக்கத்து மெட்னி தீவுக்கு அட்டு தீவுக்காரர்கள். அவர்களுக்கு வேலை, அடர்ந்த ரோமமுள்ள சீல் என்ற கடல்விலங்கை வேட்டையாடுவது. இதில் அவர்களுடைய முறையைக் கவனி. ஒரு முதிர்ந்த ஆண் சீல் பல பெண் சீல்களை வைத்திருக்கும்; துணை கிடைக்காத இளம் ஆண் சீல்கள் தனியாக ஒதுங்கிப் படுத்திருக்கும். அவற்றை மட்டும், குளிர்ந்த ஈர வேளையாகப் பார்த்து, மெல்ல உள்நாட்டுக்கு ஓட்டுவார்கள். விரட்டினால் உடல் சூடேறி வழியிலேயே சாகும். தடியால் தலையில் ஓர் அடி. பிறகு தோலை உரித்து உப்பில் அடுக்குவார்கள். கொடூரமான வேலைதான், ஆனால் தாயும் குட்டியும் தப்பின.

1880களில் பிற நாட்டுக் கப்பல்கள் நடுக்கடலில் சுட ஆரம்பித்ததும் எல்லாம் கெட்டது. அங்கே ஆண் பெண் பார்த்துச் சுட முடியாது. இரைதேடிப் போன தாய்கள்தான் அதிகம் மாட்டின. சுட்டதில் பல மூழ்கின. கரையில் குட்டிகள் பட்டினியில் செத்தன. ருஷ்யா, ஜப்பான், அமெரிக்கா, பிரிட்டன் நான்கும் 1911இல் ஒப்பந்தம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். கடற்பசுவுக்கும் சீலுக்கும் நடந்தது ஒன்றே: கைக்கு வராத சாவுதான் இனத்தைத் தின்றது. வலையில் சிக்கி மூச்சடைத்துச் சாகும் ஆவுளியாவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

1970 வாக்கில் மெட்னி ஊரை மூடி, மக்களை நிக்கோல்ஸ்கோயேவுக்கு மாற்றினார்கள். அல்யூத் வினைச்சொற்களுக்கு ருஷ்ய விகுதி போட்டுப் பேசிய அவர்களுடைய கலப்பு மொழி அதன்பின் தேய்ந்துபோனது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

1993இல் தீவுகளைச் சுற்றிக் காப்பகம் அமைத்தார்கள். 36,000 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கடல். கடலையும் சேர்த்ததுதான் சரியான முடிவு. நிக்கோல்ஸ்கோயேவில் இன்றும் சில நூறு பேர் இருக்கிறார்கள்.

பாக் நீரிணையில் ஆவுளியா எந்த வலையில் அதிகம் சிக்குகிறது என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
சேகர்